கழித்தல் கணக்கு

1838-இல் பாரிஸ் நகரத்து மேல்மாடி ஜன்னல் ஒன்றிலிருந்து லூயி தாகேர் ஒரு தெருவைப் படம் எடுத்தார். குதிரை வண்டிகளும் ஆட்களும் ஓயாமல் போய்வந்த அகலமான சாலை அது. படத்திலோ ஈ காக்கை இல்லை. ஒரு மூலையில் மட்டும், பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வதற்காகக் காலை நீட்டியபடி நின்ற ஒருவர் பதிந்திருக்கிறார். அன்றைய தகட்டில் உருவம் விழப் பல நிமிடங்கள் பிடித்தன. அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நிற்காத எதையும் தகடு பொருட்படுத்தவில்லை. பொய் சொல்லாத கருவி என்று பின்னாளில் பெயர் வாங்கப்போகும் சாதனம், பிறந்த கையோடு ஒரு தெருவையே காலி செய்து காட்டிவிட்டது.

கேமரா காட்சியைப் பதிவு செய்கிறது என்கிறோம். உள்ளே நடப்பதில் பெரும்பகுதி கழித்தல்தான். ஆழம் போய்த் தட்டையாகிறது; ஓடும் காலத்தில் ஒரு கீற்று மட்டும் மிஞ்சுகிறது; வெயிலுக்கும் நிழலுக்கும் இடையிலுள்ள அகண்ட வீச்சு, ஒரு தாளின் வெண்மைக்கும் கருமைக்கும் நடுவே அடைக்கப்படுகிறது; நாற்புறமும் விரிந்த இடம் ஒரு செவ்வகமாக வெட்டப்படுகிறது. ஃபோகஸ், எக்ஸ்போஷர், கம்போசிஷன் என்று புதிதாகக் கற்பவருக்குத் தனித்தனியாகச் சொல்லித்தரப்படும் மூன்று பாடங்களும் இந்தக் கழித்தல் நடக்கும் மூன்று இடங்களே. எதைக் கழிப்பது என்று எடுப்பவர் தீர்மானிக்காவிட்டால் கருவி தீர்மானிக்கும். கருவியோ சராசரியைத்தான் நம்பும். ஆரம்பக்காரரின் படங்கள் சப்பென்று போவதற்கு விலை குறைந்த கேமராவோ கைப்பழக்கம் இல்லாமையோ முதற்காரணம் இல்லை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். இழப்பைத் தீர்மானிக்கும் பொறுப்பு கைமாறிப் போயிருப்பதுதான் காரணம்.

எக்ஸ்போஷரில் தொடங்கலாம், மூன்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருப்பது அதுதான். கேமராவிலுள்ள ஒளிமானி, காட்சியிலிருந்து எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்பதை மட்டுமே அளக்கும். வந்த ஒளி குறைவென்றால், மங்கிய விளக்கில் உள்ள வெள்ளைப் பொருளா, நல்ல வெயிலில் உள்ள கறுப்புப் பொருளா என்று அறிய அதற்கு வழி கிடையாது. ஆகவே வடிவமைத்தவர்கள் ஓர் அனுமானத்தை உள்ளே வைத்தார்கள்: காட்சியின் சராசரி, நடுத்தரச் சாம்பல். விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை ஒளிப்படக் கடைகளில் விற்பது இதற்காகத்தான். (மானிகளின் உண்மையான அளவுதிருத்தம் 12, 13 சதவீதத்தை ஒட்டியது என்று இத்துறையில் ஒரு பழைய சண்டை உண்டு. நம் வாதத்துக்கு அதனால் சேதமில்லை.) மரமும் சாலையும் மனிதரும் கலந்த காட்சியில் இந்த அனுமானம் பலித்துவிடும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் நின்றால் பலிக்காது. ஏறத்தாழ 80 சதவீத ஒளியைத் திருப்பும் அந்த வெண்மையையும் மானி 18 என்றே கொள்ளும்; தேவைப்படுவதில் நான்கில் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். வேட்டியும் சுவரும் அழுக்கேறிய சாம்பலாகும். எண்ணெய் ஏறிய கருங்கல் சிற்பம் ஃபிரேமை நிறைத்தால் நேர் எதிராக நடக்கும்: மானி ஒளியைக் கூட்டும், கல் வெளிறிப்போகும். ஆக, வெள்ளைக்கு ஒளியைக் கூட்ட வேண்டும், கறுப்புக்குக் குறைக்க வேண்டும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினாலும் மேலே சொன்ன கணக்கு அதைத்தான் காட்டுகிறது. கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் இருப்பதும், பல கைபேசிகளில் திரையைத் தொட்டதும் சிறு சூரியக் குறி எழும்புவதும் இந்த ஒரு வேலைக்காக. அவற்றைத் தொடாமலே ஆண்டுக்கணக்கில் படம் எடுப்பவர்கள்தான் அதிகம்.

வீச்சின் பிரச்சினை இன்னும் பெரிது. நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வீட்டு அறைக்குள் சில நூறு லக்ஸ் இருந்தாலே நல்ல வெளிச்சம் என்போம். இரண்டுக்கும் இடையே பல நூறு மடங்கு வேறுபாடு. ஒளி இரட்டிப்பதை ஒரு ஸ்டாப் என்று எண்ணினால் எட்டு ஸ்டாப்புக்கு மேல். ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகத்தையும் வெளியே நிற்கும் மரத்தையும் நம் கண் சேர்த்தே பார்க்கிறது. பார்வை ஒவ்வோரிடமாக நகரும்போது கண் தன்னைத் திருத்திக்கொள்வதால் வேறுபாடு தெரிவதில்லை. அச்சுத்தாளுக்கோ, மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் இடையே நூறு மடங்கை ஒட்டித்தான் இடமிருக்கிறது. ஆகவே முகமா, மரமா என்ற கேள்விக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மானி இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கும். மரம் வெளுத்து, பாட்டி கறுத்த நிழலாவார். முகத்தின்மேல் தொட்டு அளந்து, மரத்தை வெளுக்க விடலாம். மரத்துக்கு அளந்து, பாட்டியை வேண்டுமென்றே நிழலுருவமாக்கலாம். இரண்டுமே சரியான எக்ஸ்போஷர்தான். யாரும் கேட்காத நடுவழி மட்டும் தவறு.

1941 நவம்பர் 1 மாலை, நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தின்மேல் நிலவு எழுந்தபோது ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸுக்கு அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் பொலிவு சதுர அடிக்கு 250 கேண்டில் என்ற எண் நினைவில் இருந்தது. நிலவு எந்தச் சாயலில் விழ வேண்டும் என்று முடிவு செய்து, அதிலிருந்து மற்றதைக் கணக்கிட்டார். முன்புறத்தில் அந்தி வெயில் பட்ட சிலுவைகளுக்கு அந்தக் கணக்கில் ஒளி போதாமலே போனது. மங்கலான முன்புறத்தை மேலேற்றப் பின்னாளில் நெகட்டிவையே ரசாயனத்தில் நனைத்து வலுப்படுத்த வேண்டியிருந்தது. ஆயினும் நிலவில் விவரம் இருக்கிறது. மானி கிடைத்திருந்து அதன் சராசரியை நம்பியிருந்தால் நிலவு வெறும் வெள்ளைப் பொட்டாகியிருக்கும். அவரும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ஸோன் முறை இந்த ஒரு பழக்கத்தின் விரிவுதான்: காட்சியில் எந்தப் பகுதி எந்தச் சாயலில் விழ வேண்டும் என்று முதலில் முடிவெடுப்பது, பிறகு அளப்பது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இன்றைய கைபேசி ஒரே நொடியில் பல எக்ஸ்போஷர்களை எடுத்து ஒன்றாகக் கோக்கிறது; முகமும் மரமும் இரண்டுமே கிடைக்கும்போது எதற்காக இந்தத் தீர்மானம்? கோப்பது புதிதல்ல. 1850-களில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என இரண்டைச் சேர்த்து அச்சிட்டார். அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப்புக்கும் வானம் சதி செய்தது. அன்றைய ரசாயனங்கள் நீலத்துக்கு மட்டுமே நன்றாக எதிர்வினை புரிந்ததால் வானம் வெளுத்து வெற்றிடமானது. அவர் நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகங்களை வரைந்தார். லெ கிரேயும் டிரைப்பும் எந்த வானம் வேண்டும் என்று தாங்களே முடிவு செய்தார்கள். கைபேசியில் அந்த முடிவு, பெரும்பாலோருக்குப் பிடிக்கும் என்று எங்கோ ஒரு நிறுவனம் கணித்த பொலிவு. வெளியே கொளுத்தும் வெயிலும் உள்ளே இருக்கும் மென்னிழலும் ஒரே அளவுக்கு இழுத்துச் சமப்படுத்தப்படுகின்றன. முகம் தெரிகிறது, மரம் தெரிகிறது, வெயில் தெரியாமல் போகிறது. வேண்டியது வெயிலென்றால் கிடைத்த படம் அதைக் கழித்துவிட்டது.

கருவியின் இயல்புநிலை நடுநிலையானது என்ற நம்பிக்கையையும் வரலாறு ஆதரிக்கவில்லை. 1950-கள் தொட்டு அமெரிக்க ஆய்வகங்கள் வண்ண அச்சைச் சரிபார்க்கக் கொடாக் அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். ‘ஷெர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். அந்தத் தோலுக்குச் சரியாக வந்தால் அச்சு சரி. கறுத்த தோலில் சாயல்கள் அமிழ்ந்துபோனதைப் பல காலம் யாரும் குறையாகவே எண்ணவில்லை. பிற்பாடு ஃபிலிம் மேம்பட்டதில், சாக்லேட் வகைகளும் மரச்சாமான்களின் நிறங்களும் வேறுபாடு தெரியாமல் பதிகின்றன என்ற வணிகர்களின் புகாருக்கும் பங்கிருந்தது. 2021-இல் பிக்சல் 6 கைபேசியோடு ‘ரியல் டோன்’ என்ற மாற்றத்தைக் கூகுள் அறிமுகப்படுத்தியதே, அதற்கு முந்தைய இயல்புநிலை எல்லாத் தோலுக்கும் பொருந்தவில்லை என்பதற்கான ஒப்புதல்தான். நம்மூர்க் கல்யாண ஆல்பங்களில் மாநிற மணப்பெண்கள் கோதுமை நிறத்துக்கு ஏறிவிடுவதை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

எடுத்த பிறகு கணினியில் திருத்திக்கொள்ளலாமே என்பது இன்னொரு மறுப்பு. பாதி உண்மை. உணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குறிப்பிட்ட அளவு மின்னூட்டத்தைத்தான் தாங்கும். நிரம்பிய பிறகு வரும் ஒளி எதையும் எழுதுவதில்லை. மேகத்தின் மடிப்பும் மேகத்தின் விளிம்பும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. எந்த மென்பொருளும் அவற்றைப் பிரிக்க முடியாது, கற்பனையாக நிரப்பத்தான் முடியும். நிழலில் ஓரளவு மீட்கலாம், அதற்கும் விலை உண்டு. ஒளி துகள்துகளாக வருகிறது. தூறலில் சிறு கிண்ணங்களை வரிசையாக வைத்தால் ஒன்றில் நான்கு சொட்டும் பக்கத்தில் ஒன்பது சொட்டும் விழும். அடைமழையில் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். நூறு ஒளித்துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் பத்து சதவீதம், பத்தாயிரம் விழும் இடத்தில் ஒரு சதவீதம். இருட்டுப் படத்தின் மணல்மணலான இரைச்சலுக்கு ஐஎஸ்ஓவைத் திட்டுவது வழக்கம். ஐஎஸ்ஓ கூட்டும்போது ஒளி கூடுவதில்லை. வந்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. மருந்து, ஷட்டரை அதிக நேரம் திறப்பதிலும் அபர்ச்சரை அகலமாக்குவதிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டும் வேறெதையோ பறித்துக்கொள்ளும்: முன்னது அசைவின் கூர்மையை, பின்னது ஆழத்தை.

அங்கிருந்து ஃபோகஸுக்கு வருவோம். லென்ஸ் கண்டிப்பாகக் கூர்மையாக்குவது ஒரே ஒரு தளத்தை மட்டும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாகப் பரவுகிறது. 25 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்க்கும் அச்சில் சுமார் 0.2 மி.மீ.க்கும் சிறிய வட்டத்தைக் கண் புள்ளியாகவே ஏற்கும். 35 மி.மீ. ஃபிலிமிலிருந்து ஏழு மடங்கு பெருக்கி அச்சிடுவதாகக் கொண்டால், ஃபிலிமில் அது 0.03 மி.மீ. கேமராக்காரர்கள் சொல்லும் ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’ முழுவதும் இந்த மன்னிப்பின்மேல் கட்டப்பட்டது. கைபேசித் திரையில் பளிச்சென்றிருந்த படம் சுவரளவுக்குப் பெருக்கினால் குழைவதற்கும் காரணம் இதுவே. கணக்குப் போட்டால் அளவு புரியும்: 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, இரண்டு மீட்டர் தூரம் என்றால் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 17 செ.மீ.; எஃப் 8-க்கு மூடினால் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எஃப் 1.8-இலேயே ஒரு மீட்டருக்கு நெருங்கினால் 4 செ.மீ. மூக்கு நுனியில் ஃபோகஸ் நின்றால் கண் கைவிட்டுப்போகும் தூரம் அது. கண்ணில் ஃபோகஸ் வை என்று பழையவர்கள் அடித்துச் சொல்வது இந்த நான்கு சென்டிமீட்டருக்காகத்தான். கைபேசியில் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் சில மில்லிமீட்டர்களே. இரண்டரை மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவு. தெளிவு இலவசமாகக் கிடைப்பதால் பிரித்துக்காட்டும் வசதி போயிற்று. அதனால்தான் போர்ட்ரெய்ட் முறை ஆழத்தைக் கணித்து மங்கலைச் செயற்கையாகப் பூசுகிறது, அவ்வப்போது காதோர முடியையும் சேர்த்துத் தின்கிறது.

மங்கிய படம் எல்லாவற்றையும் ‘ஃபோகஸ் போயிடுச்சு’ என்று ஒரே பெட்டியில் போடுவது ஆரம்பக்காரரின் முன்னேற்றத்தை நிறுத்திவைக்கும் பெரிய தவறு. படத்தைப் பெருக்கிப் பார்த்தால் நோய் தெரியும். பின்னாலிருக்கும் சுவரோ முன்னாலிருக்கும் இலையோ கூர்மையாக இருந்தால், ஃபோகஸ் தவறான தளத்தில் உட்கார்ந்திருக்கிறது. எதுவுமே கூர்மையில்லாமல் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், கை ஆடியிருக்கிறது. சுவர் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால், ஆள் அசைந்திருக்கிறார். நொடிக்கு ஐந்து மீட்டர் ஓடும் கபடி வீரர், ஷட்டர் அறுபதில் ஒரு நொடி திறந்திருந்தால் அதற்குள் 8 செ.மீ. நகர்ந்துவிடுவார், ஆயிரத்தில் ஒரு நொடியில் 5 மி.மீ. மூன்று நோய்க்கும் மூன்று மருந்து. ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்தால் லென்ஸை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கூர்மை என்பது விதி இல்லை என்பதற்குப் போதிய சாட்சி உண்டு. கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் கேமராவைக் கையில் எடுத்து, 1879-இல் இலங்கை மலைநாட்டில் இறந்த ஜூலியா மார்கரெட் கேமரூனின் மென்மையான முகங்களை அன்றைய ஒளிப்படச் சங்கத்தார் பிழை என்று கேலி செய்தார்கள். எந்த ஃபோகஸ் முறையானது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என அவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். கேலி செய்தவர்களின் படங்கள் இன்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் இதை எடுத்துக்கொண்டு, அப்படியானால் மங்கலும் கலையே என்று முடிவு கட்டுவது கெட்டிக்காரத்தனமான சோம்பல். கேமரூனின் படங்களில் வெளிச்சம் எங்கே விழுகிறது, பின்புலம் எவ்வளவு இருட்டு என்பதெல்லாம் கட்டுக்குள் இருக்கின்றன. ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றை வாங்கியிருக்கிறார். விட்டது தெரிந்து விடப்பட்டிருக்கிறது.

கம்போசிஷனில் கழித்தல் எல்லாவற்றையும்விடக் கடினம், காரணம் மூளை அதை நமக்காக ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறது. கண்ணின் நடுவே கூர்மையாகப் பார்க்கும் பகுதி இரண்டு பாகையளவே, நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம்தான். மற்றதையெல்லாம் மூளை தன் தேவைக்கேற்ப நிரப்பவோ ஒதுக்கவோ செய்கிறது. 1967-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலில் ரஷ்ய ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ், ரேப்பினின் ஓர் ஓவியத்தை ஒருவரிடமே திரும்பத் திரும்பக் காட்டி வெவ்வேறு கேள்வி கேட்டபோது கண் சென்ற பாதைகள் அடியோடு மாறியதைப் பதிவு செய்தார். 1999-இல் உளவியலாளர்கள் சைமன்ஸும் சாப்ரிஸும் பந்து எறிதல்களை எண்ணச் சொல்லிக் காட்டிய காணொளியில், நடுவே வந்து மார்பைத் தட்டிவிட்டுப் போன கொரில்லா வேடக்காரரைப் பாதிப்பேர் பார்க்கவே இல்லை. படம் எடுப்பவர் இருப்பதும் அதே நிலையில். அவர் பார்ப்பது மகளின் சிரிப்பை. தலைக்கு மேல் முளைத்த மின்கம்பமும் ஓரத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளியும் அவருக்குக் கொரில்லா. உணரிக்கு அப்படி ஒரு கவனக்குறைவு கிடையாது. வாளியும் சிரிப்பும் அதற்குச் சமம். எனவே உதவும் ஒரே பழக்கம், அழுத்துவதற்கு முன் நடுவை விட்டுவிட்டு நான்கு ஓரங்களையும் ஒருமுறை பார்ப்பது. வாளியை நகர்த்தலாம், இல்லாவிட்டால் தான் நகரலாம்.

நகர்வதை ஜூமோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முகத்தின் விகிதத்தை மாற்றுவது லென்ஸ் இல்லை, தூரம். காது மூக்குக்கு 10 செ.மீ. பின்னால் இருப்பதாகக் கொண்டால், 30 செ.மீ. தூரத்துச் செல்ஃபியில் மூக்கு காதைவிட மூன்றில் ஒரு பங்கு பெருத்து விழும். ஒன்றரை மீட்டரில் ஏழு சதவீதம்கூட இல்லை. தன் மூக்கைப் பற்றிக் கவலைப்படுபவர்களில் பலர் கவலைப்பட வேண்டியது கையின் நீளத்தைப் பற்றி.

மூன்றிலொன்று விதி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் நிலக்காட்சியில் நிலத்துக்கும் வானத்துக்கும் இடம் ஒதுக்குவது பற்றி எழுதியதில் அந்தப் பெயர் கிடைத்தது. எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தும் பழக்கத்தை உடைக்க அது உதவும், அதற்குமேல் எதிர்பார்ப்பது வீண். கட்டங்களின் சந்திப்பில் கண்ணை வைத்தாலும் வாளி வாளியாகவே இருக்கும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: நல்ல படத்தை உண்டாக்குவது தருணம், இந்தக் கணக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் தருணம் போய்விடும். ஒளிப்படக்காரர் கார்ட்டியே-ப்ரஸோனின் பெயரைச் சொல்லித்தான் இதை வாதிடுவார்கள். 1932-இல் தென் பிரான்சின் இயேரில் அவர் எடுத்த படத்தில் சுழன்றிறங்கும் படிக்கட்டும் கைப்பிடியும் கூர்மை. கீழே தெருவில் போகும் சைக்கிள்காரர் மங்கல். ஃபோகஸும் ஷட்டரும் படிக்கட்டின் பக்கம் நிற்கின்றன, ஓரங்கள் முடிவாகிவிட்டன. யாராவது கடந்துபோவதுதான் பாக்கி. தருணத்துக்குக் காத்திருக்க முடிவது மற்றவற்றை முன்பே முடித்துவிட்டவருக்கு.

எதையும் கழிக்கக் கூடாத வேலைகள் இருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஆவணம், ஓலைச்சுவடி, கல்வெட்டு. 1858-இல் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைப் படமாக்கியபோது ஓர் எழுத்தும் விடக்கூடாது என்பதே நிபந்தனை. 21 நெகட்டிவ்களை எடுத்து, அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 6 மீட்டர் நீளப் படமாக்கினார். துண்டுக்குத் துண்டு எழுத்தின் அளவு பொருந்த வேண்டுமானால் சுவருக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம் மாறக் கூடாது. பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போக வேண்டும். இன்று கைபேசியின் பனோரமாவை நின்ற இடத்திலேயே சுழற்றி இதே சுவரை எடுப்பவருக்கு, நடு எழுத்து பெருத்து, ஓர எழுத்து சிறுத்து, நேர்வரி வில்லாக வளைந்து கிடைக்கும். பார்க்க அழகாக இருக்கலாம், படிக்க உதவாது. அந்தச் சுவருக்கு வேண்டியது டிரைப் செய்ததுதான்: ஓர் அடி நகர்ந்து, நேராக நின்று, அடுத்த படம்.